ஏழாம் தேதி மரம்

மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள்
கோயில் மதிலுக்குப் பின்னால்
தலைகுப்புறக் கிடந்தது.
இரண்டு கிளையில் இன்னும் பஞ்சுப் பனி.
ஜரிகைத் தாளை ஓர் ஆடு
மென்று பார்த்துத் துப்பியது.

"அடுப்புக்கா?" என்றார் கோயில்குட்டி மாசிலாமணி.
இல்லை, கடைய.
"சவுக்கையா?"

அவர் சிரித்ததில் நியாயம் இருந்தது.
சவுக்கு என்றால் பந்தக்கால், சாரம்,
டன் கணக்கில் காகித ஆலைக்குப் போகும் லாரி.
அதைக் கடைந்தவனைப் பொறையாறு கண்டதில்லை.

நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன்.
என் கடைசல் எந்திரம்
இறால் குட்டையில் துடுப்பு சுழற்றிய மோட்டார்.
வெள்ளைப்புள்ளி நோயில் குட்டை போண்டியானதும்
கூலிக்குப் பதிலாகக் குத்தகைக்காரர்
விட்டுவிட்டுப் போனது.
சூடேறினால் இப்போதும் சேற்று வாடை.

நான்கு துண்டாக அறுத்தேன்.
அறுத்த முகங்களில் மெழுகு பூசவேண்டும்,
இல்லாவிட்டால் வெடிக்கும்.
நள்ளிரவு ஆராதனையில் மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளை
மின்வெட்டுக்கென்று
சலோமி ஒரு பையில் சேர்த்து வைத்திருந்தாள்.
கேட்காமல் எடுத்து உருக்கினேன்.
அது தனிச் சண்டை.

ஈர மரம்.
உளி பட்டதும் நாடா நாடாகக் கழன்று
மூக்குக் கண்ணாடியில் தண்ணீர் தெறித்தது.
விளக்குச் சரம் சுற்றிக்கொண்டு
வாளி மணலில் நின்ற நாளெல்லாம்
யாருக்கும் தெரியாமல் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.
வெளியே சாம்பல்,
உள்ளே வெந்த இறால் ஓட்டின் நிறம்.

சந்திரபாடிப் பக்கத்துக் கொல்லையில்
உப்புக் காற்றுக்குச் சாய்ந்தே வளர்ந்ததாம்.
கோயிலில் அதை நேராக நிறுத்த
வாளிக்கடியில் செங்கல் கொடுத்தார்கள்.
எந்திரத்தில் ஏற்றியபோது செங்கல் கதை எடுபடவில்லை.
மரத்தின் மையம் ஓரிடம்,
என் மையம் ஓரிடம்.

டக்.
உளிமுனை பறந்து தகரத்தில் விழுந்தது.
நிறுத்திப் பார்த்தால்
உள்ளே ஓர் ஆணி.
நட்சத்திரம் மாட்ட வாலிபர் சங்கத்துப் பையன்
யாரோ அடித்தது.
பிறப்பின் மரத்துக்குள் ஆணி என்று
போதகர் இதில் அரைமணி நேரம் பேசியிருப்பார்.
எனக்குப் போனது
நானூற்றி எண்பது ரூபாய் உளி.

கிண்ணம் ஒன்று தேறியது.
வட்டமாகத்தான் இறங்கியது.
மாசிக்குள், வைத்த இடத்திலேயே
முட்டை வடிவத்துக்கு மாறிவிட்டது.
மூடி வேறு பக்கம் கோணிக்கொண்டது.
ஒரே அடிமரம்,
பேச்சுவார்த்தை இல்லை.
சலோமி மூடியைத் தள்ளி வைத்துவிட்டுக்
கிண்ணத்தில் கல்லுப்பு கொட்டினாள்.
மெழுகுவத்திக்கு ஈடு என்று சொல்லவில்லை.

பம்பரம் ஓரிடத்தில் நிற்காது.
எதிர்வீட்டு நஸ்ரின் சுண்டிவிட்டால்
சிமெண்டுத் தரையில் எட்டு போட்டபடி நடந்து
செருப்புகளுக்கு நடுவே போய் விழும்.
அவளுக்கு அதுதான் பிடித்திருக்கிறது.
நேராகச் சுற்றுவது கடையிலேயே கிடைக்குமாம்.

கடைசித் துண்டுக்கு
மாசிலாமணியின் உள்ளங்கை ஞாபகம் வந்தது.
மணிக்கயிறு நைலான்,
ரேகையோடு ரேகையாய் அறுத்திருக்கும்.
ஒரு சாண் கைப்பிடி கடைந்து, நீளவாக்கில் துளையிட்டுக்
கயிற்றில் கோத்துக் கொடுத்தேன்.
பார்த்தார். முகர்ந்தார்.
அடுப்பைப் பற்றி இருவரும் பேசவில்லை.

தபசு காலம் நாலாம் வாரம்
அது நெடுகப் பிளந்தது.
வெடிப்பு தோலைக் கடிக்குது என்று கழற்றிக்கொண்டு வந்தார்.
வேற செஞ்சு தரேன் என்றேன்.
"வேணாம், இதுலயே எதையாவது சுத்திக் குடு."

பட்டறையில் இருந்தது
சிவப்பு இன்சுலேஷன் டேப்.
ஏழு சுற்று.

உயிர்த்தெழுந்த ஞாயிறு, விடியல் நாலரை.
முதல் அடி கேட்டது.
இரண்டாவது வரக்
கொஞ்சம் கூடுதல் நேரம்.
டேப் வழுக்குகிறது போல.
படுத்தபடியே நினைத்துக்கொண்டேன்,
பருத்தி நாடா வாங்கவேண்டும்.